புறாத்தீவும் பேண்தகு சுற்றுலாவும்

எமது நாட்டுக்கு அந்நியச் செலாவணியை ஈட்டித்தரும் துறைகளுள் சுற்றுலாத்துறையும் ஒன்றாகும். ஆயினும், உல்லாசப் பயணிகளின் தொகை பெருகுவதை மட்டும் வளர்ச்சி எனக் கொள்வது பொருத்தமன்று. இதற்குத் திருகோணமலை மாவட்டத்திலுள்ள புறாத்தீவு தக்க சான்றாகும்.

நிலாவெளிக் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 1 கிலோமீற்றர் தொலைவிலுள்ள இச்சிறு தீவு, 2003 ஆம் ஆண்டில் தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 2009 இல் யுத்தம் முடிவுற்ற பின்னர் இங்கு வருவோர் தொகை பெருகியது. தீவைச் சூழவுள்ள முருகைக் கற்பாறைகளைக் காணவே பலரும் வருகின்றனர். ஆனால், ஆழங்குறைந்த நீரில் அவற்றின்மீது கால் பதிப்பதாலும் படகுகளின் நங்கூரங்கள் படுவதாலும் முருகைகள் நொறுங்குகின்றன. பாறை போன்று திரண்டு வளரும் முருகை ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1 சென்ரிமீற்றரே வளரும். ஒரு கணத்தில் உடைவது மீள உருவாகப் பல ஆண்டுகள் செல்லும்.

எனவே, நாளொன்றுக்குத் தீவுக்குச் செல்வோர் தொகைக்கு வரம்பிட்டு, அதனைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தல் வேண்டும் என்பதே எனது கருத்தாகும். இதனால் படகோட்டிகளின் வருமானம் குறையும் எனச் சிலர் கூறலாம். அது நியாயமான அச்சமே. ஆனால், முருகைகள் அழிந்தபின் அங்கு படகேறிச் செல்ல யார் வருவர்? நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, படகோட்டிகளையே ஊதியத்துடன் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் பயிற்றுவிக்கலாம்.

இயற்கையை அழித்து வருமானம் தேடுவது, விதைநெல்லைக் குற்றி உண்பதற்கு ஒப்பாகும்.