எடைத் தராசில் நிற்கும் பிள்ளைகள்: பாடசாலை மல்யுத்தமும் ‘தியாகம்’ என்ற சொல்லும்

2024 ஆகஸ்ட் 7ஆம் திகதி காலை, பரிஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 50 கிலோகிராம் மல்யுத்த இறுதிப் போட்டிக்குத் தகுதிபெற்றிருந்த இந்திய வீராங்கனை வினேஷ் போகத், 100 கிராம் கூடுதலாக இருந்தார் என்பதற்காகத் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். அதற்கு முதல் நாள்தான், வெளிநாட்டு வீராங்கனை எவரிடமும் அதுவரை தோற்றிராத ஜப்பானின் யுய் சுசாகியை அவர் வீழ்த்தியிருந்தார். விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் நீதிமன்றம் அவருடைய மேன்முறையீட்டை ஆகஸ்ட் 14ஆம் திகதி நிராகரித்தது. அந்த ஒரு வாரமும் எங்களுடைய முகநூல் பக்கங்களிலும் இதே கதைதான். சதி என்றார்கள், விதி கொடூரமானது என்றார்கள். இரவிரவாக ஓடி, வியர்த்து, தண்ணீரைக்கூடத் தவிர்த்த அவருடைய தியாகத்தைப் புகழ்ந்தார்கள்.

இரவிரவாக ஓடி வியர்க்கும் அந்தப் பழக்கம் எங்கே தொடங்குகிறது என்று கேட்டவர்கள் குறைவு. மல்யுத்தத்தில் யாரும் அதை ஒலிம்பிக்கில் வந்து கற்றுக்கொள்வதில்லை. பாடசாலையிலேயே, பதினான்கு பதினைந்து வயதில் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். இதை விளங்கிக்கொள்ள ஐக்கிய அமெரிக்காவின் உயர்நிலைப் பாடசாலை மல்யுத்தத்தைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. ஏனென்றால் அங்கே இந்த விளையாட்டு மிகப் பெரியது, அதன் விதிகள் பொதுவெளியில் இருக்கின்றன, அதற்குக் கொடுத்த விலையும் பதிவாகியிருக்கிறது.

அங்கு ஆண் மாணவர்களில் மட்டும் இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமானோர் ஒவ்வொரு பருவத்திலும் மல்யுத்த அணிகளில் இருக்கிறார்கள். பருவம் நவம்பரில் தொடங்கி, மாநிலச் சம்பியன்ஷிப் போட்டிகளுடன் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் முடிகிறது. நன்றிகூறல் நாளும் நத்தாரும் இதற்குள்தான் வருகின்றன. வீடு முழுக்கச் சாப்பாட்டு வாசனை அடிக்கும் நாட்களில் ஒரு பிள்ளை மட்டும் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு இருக்கும். ஆண்களுக்கான எடைப்பிரிவுகள் நீண்டகாலமாக 14. கடைசியாக 14 பிரிவுகளுக்கு வகுக்கப்பட்ட அட்டவணைகளில் மிகக் குறைந்தது 106 இறாத்தல், கிட்டத்தட்ட 48 கிலோ. மிகக் கூடியது 285. ஒரு பிரிவில் ஒரு பாடசாலைக்கு ஒரே ஓர் இடம்தான். மேல்வகுப்பு மாணவன் ஒருவன் அந்த இடத்தைப் பிடித்துவைத்திருந்தால், இளையவனுக்கு முன்னால் இரண்டு வழிகள்: அவனைத் தோற்கடிப்பது, அல்லது ஒரு பிரிவு கீழே இறங்குவது. இரண்டாவது வழி இலேசானதுபோலத் தெரியும். பட்டினி கிடந்தால் போதும், யாரையும் தோற்கடிக்கத் தேவையில்லை.

போட்டி என்று பார்த்தால் ஆறே நிமிடங்கள், இரண்டு இரண்டு நிமிடங்களாக மூன்று சுற்றுகள். அந்த ஆறு நிமிடத்துக்குப் பின்னால் நான்கு மாதம் இருக்கிறது. விடியற்காலை ஓட்டம், பாடசாலை முடிந்ததும் பயிற்சி, நசுங்கி நசுங்கித் தடித்துப்போன காதுகள். மெத்தையில் இருந்து தொற்றும் படர்தாமரைக்காக எடை பார்க்கும்போதே தோலையும் பரிசோதிக்கிறார்கள். 2007இல் மினசோட்டா மாநிலத்தில் தோல் அக்கி பரவியபோது, மாநிலம் முழுவதும் பாடசாலை மல்யுத்தத்தை எட்டு நாட்களுக்கு நிறுத்திவைத்தார்கள்.

இவை காயங்கள், ஆறக்கூடியவை. ஆறாதது 1997இல் நடந்தது. அந்த ஆண்டு நவம்பர் 7க்கும் டிசம்பர் 9க்கும் இடைப்பட்ட 33 நாட்களில், வட கரோலினா, விஸ்கொன்சின், மிச்சிகன் ஆகிய மூன்று மாநிலங்களில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இறந்தார்கள். வயது 19, 22, 21. ஒருவரையொருவர் அறியாத இந்த மூவரும் ஒரே விதமாகவே இறந்தார்கள். சாப்பாட்டையும் தண்ணீரையும் குறைத்து, காற்றுப் புகாத றப்பர் உடையை அணிந்துகொண்டு, வெப்பமான இடத்தில் உடற்பயிற்சி செய்து, எஞ்சியிருந்த சில இறாத்தல்களைச் சில மணித்தியாலங்களில் இறக்கப் பார்த்தார்கள். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். றப்பர் உடைக்குள் வியர்வை வரும், ஆவியாகாது. உள்வெப்பம் ஏறுகிறது, இரத்தத்தில் நீர் குறைகிறது, இதயம் தடுமாறுகிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 1998 பெப்ரவரியில் இந்த மரணங்களைப் பற்றி அறிக்கை வெளியிட்டது.

அதன் பின்னர் கல்லூரி மட்டத்தில் றப்பர் உடையும் நீராவி அறையும் தடைசெய்யப்பட்டன. எடை பார்ப்பது போட்டிக்கு மிக அண்மையான நேரத்துக்கு மாற்றப்பட்டது. முதல் நாளே எடை பார்த்தால் இரவு முழுக்க வற்றிப்போய் நின்றுவிட்டு, பிறகு குடித்துச் சாப்பிட்டுத் தேறிவிடலாம். ஒரு மணித்தியாலத்துக்கு முன்னர் பார்த்தால் வற்றியவன் வற்றியபடியே மெத்தையில் இறங்கவேண்டும். ஏமாற்றினால் தோல்வி நிச்சயம் என்றாகிவிட்டால் ஏமாற்றும் ஆசையும் குறையும். ஆயிரம் அறிவுரைகள் செய்யாததை நேர அட்டவணையில் செய்த ஒரு மாற்றம் செய்தது.

இந்த வரலாற்றில் என்னை அதிகம் யோசிக்கவைப்பது விஸ்கொன்சின். அந்த மாநிலத்தின் உயர்நிலைப் பாடசாலைகளில் 1980களின் இறுதியிலிருந்தே ஒரு குறைந்தபட்ச எடைத் திட்டம் இருந்தது. பயிற்சிபெற்றவர்கள் மாணவனின் தோல்மடிப்பை அளந்து, உடலில் உள்ள கொழுப்பைக் கணக்கிட்டு, “இந்த எடைக்குக் கீழே நீ இறங்கமுடியாது” என்று எழுதிக்கொடுத்தார்கள். பயிற்றுவிப்பாளர்களுக்குப் போசாக்குப் பற்றிய பாடமும் நடத்தினார்கள். எனவே 1997இல், அந்த மாநிலத்தில் 17 வயதுப் பாடசாலை மாணவனுக்கு இருந்த பாதுகாப்பு, அதே மாநிலத்தில் இறந்த 22 வயதுக் கல்லூரி மாணவனுக்கு இருக்கவில்லை. அறிவு இல்லாமல் நடந்த சாவு அல்ல அது. என்ன செய்யவேண்டும் என்பது தெரிந்திருந்தது. பாடசாலை வாசலுக்கு வெளியே அதைக் கொண்டுபோக யாரும் முன்வரவில்லை.

நாடு முழுவதிலுமுள்ள உயர்நிலைப் பாடசாலைகளுக்கு அது கட்டாயமாக 2006-07 பருவம்வரை காத்திருக்கவேண்டியிருந்தது. இப்போது பருவத் தொடக்கத்தில் சிறுநீரைப் பரிசோதிக்கிறார்கள், அதன் ஒப்படர்த்தி 1.025ஐத் தாண்டக்கூடாது. அதாவது உடம்பு வற்றிய நிலையில் அளவெடுக்க முடியாது. ஆண்பிள்ளைகளுக்கு 7 வீதத்துக்கும் பெண்பிள்ளைகளுக்கு 12 வீதத்துக்கும் குறைவாகக் கொழுப்பு இறங்கக்கூடாது. வாரத்துக்கு உடல் எடையில் 1.5 வீதத்துக்கு மேல் குறைக்கக்கூடாது. பருவத்தின் நடுவில் எல்லாப் பிரிவுகளுக்கும் இரண்டு இறாத்தல் சலுகை கொடுக்கும் வழக்கமும் உண்டு. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘வளர்ச்சிச் சலுகை’. எனக்கு மிகவும் பிடித்த விதி இதுதான். போட்டியிடுவது வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளை, வளர்வது அதன் குற்றமல்ல என்று ஒரு விளையாட்டு விதிப்புத்தகம் ஒத்துக்கொள்கிறது.

விதி எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்று சொல்லவரவில்லை. அது பருவத்தை மட்டுமே காவல் காக்கிறது. அளவெடுக்கும் நாளுக்கு முன்னரே மெலிந்துவிடும் பிள்ளையை அது பிடிக்காது. பயிற்றுவிப்பாளரின் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லையும் அது அளக்காது.

அந்தச் சொல் பெரும்பாலும் ‘அர்ப்பணிப்பு’ அல்லது ‘தியாகம்’ என்றுதான் இருக்கும். 2018 டிசம்பர் 19ஆம் திகதி நியூ ஜேர்சியில் ஒரு பாடசாலைப் போட்டியின்போது, கறுப்பின மாணவன் ஒருவனின் சடைமுடி விதிக்குப் பொருந்தவில்லை, வெட்டினால் மட்டுமே போட்டியிடலாம் என்று நடுவர் சொன்னார். எல்லோர் கண்முன்னாலும், மண்டபத்தின் ஓரத்தில் வைத்து, அவனுடைய முடியைக் கத்தரித்தார்கள். அவன் போட்டியிட்டு வென்றான். அந்தக் காணொளியை முதலில் பகிர்ந்த செய்தியாளர், அணிக்காகத் தன்னைக் கொடுத்தவன் என்ற தொனியில் அவனைப் பாராட்டித்தான் எழுதியிருந்தார். அதே காணொளியில் உலகம் வேறொன்றைக் கண்டது: ஒரு பதின்ம வயதுப் பையனின் உடம்பிலிருந்து பெரியவர்கள் ஒன்றைப் பறித்தெடுப்பதை. நடுவர் இரண்டு பருவங்களுக்கு இடைநிறுத்தப்பட்டார். சரியாக ஓராண்டு கழித்து, 2019 டிசம்பர் 19 அன்று, முடியின் தன்மையை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டத்தில் நியூ ஜேர்சி ஆளுநர் கையெழுத்திட்டார்.

ஊடகக்காரர்களாகிய எங்களுக்கு அந்தச் செய்தியாளரைக் குறைசொல்வது இலகு. வலய மட்டம், மாகாண மட்டம் என்று வென்றுவரும் பிள்ளைகளைப் பற்றி நாங்கள் எழுதும் செய்திகளை எடுத்துப் பாருங்கள். ‘வறுமையிலும் சாதனை’, ‘சப்பாத்து இல்லாமல் ஓடி வெற்றி’. சப்பாத்து ஏன் இல்லை என்பது அடுத்த வரியில் வருவதில்லை. தியாகம் என்ற சொல்லின் கனம் தெரிந்த மண்ணில் இருந்துகொண்டு, பிள்ளைகளின் விடயத்திலாவது அதை இவ்வளவு மலிவாகப் பாவிக்காமல் இருந்திருக்கலாம்.

மறுபக்கமும் இருக்கிறது. அயோவா மாநிலத்தின் டான் கேபிள் உயர்நிலைப் பாடசாலையில் 64 போட்டிகளில் ஒன்றிலும் தோற்காதவர், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஒரு புள்ளிகூடக் கொடுக்காமல் தங்கம் வென்றவர். 1964இல், அவருக்கு 15 வயதாக இருந்தபோது, அவருடைய அக்கா வீட்டிலேயே கொலைசெய்யப்பட்டார். அந்த வீட்டில் இனி இருக்கமுடியாது என்று பெற்றோர் நினைத்தபோது, அக்காவின் அறைக்குத் தான் மாறிக்கொண்டு அவர்களை அங்கேயே இருக்கவைத்தவர் அந்தப் பையன். உடைந்துபோன குடும்பத்துக்கு அவனுடைய போட்டிகள் ஒன்றாகப் போய் உட்கார ஓர் இடத்தைக் கொடுத்தன. போரில் வீட்டுக்கு ஒருவரை இழந்த ஊர்களில் பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டிக்கு ஏன் ஊரே திரள்கிறது என்பதை விளங்கிக்கொள்ள இது உதவும். அந்த மெத்தை சில பிள்ளைகளுக்கு உண்மையிலேயே தேவைப்படுகிறது.

பெண்பிள்ளைகளுக்கு அது இன்னும் பெரியது. ஹவாய் 1998இல்தான் முதன்முதலாக மாநில மட்டத்தில் பெண்களுக்குத் தனிச் சம்பியன்ஷிப் நடத்தியது. 2011இல் அயோவா மாநிலப் போட்டியில், மத நம்பிக்கையைக் காரணம் காட்டி ஒரு பையன் தன்னோடு மோதவேண்டிய மாணவியுடன் போட்டியிட மறுத்து விலகிக்கொண்டான். பெண்களுக்கென்று தனிப் பிரிவு இருந்திருந்தால் இருவருக்குமே அந்தச் சங்கடம் வந்திராது. அயோவா அதைச் செய்ய மேலும் 12 ஆண்டுகள் எடுத்தது. 2023-24 பருவத்தில் அமெரிக்கப் பாடசாலைகளில் பெண் மல்யுத்த வீராங்கனைகளின் எண்ணிக்கை 60 ஆயிரத்தைத் தாண்டியது.

இவ்வளவும் எதற்காக? புலமைப்பரிசிலுக்காக என்று பெற்றோர் பலர் நம்புகிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. முதல்தரக் கல்லூரி மட்டத்தில் ஆண்களுக்கான அணிகள் 80க்கும் குறைவு. அண்மைக்காலம்வரை ஓர் அணி முழுவதற்கும் 9.9 முழுப் புலமைப்பரிசில்கள்தான், அதையும் துண்டு துண்டாகப் பலருக்குப் பிரித்துக்கொடுப்பார்கள். இரண்டரை இலட்சம் பேரில் ஆயிரம்பேர்கூட முழுப் புலமைப்பரிசில் பெறமுடியாது.

எங்களுடைய கணக்கு இதைவிடச் சிறியது. 2022 பேர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டு விழாவில் 18 வயது நெத்மி பொருதொட்டகே 57 கிலோ பிரிவில் வெண்கலம் வென்றபோது நாடு எரிபொருள் வரிசையில் நின்றது. சாப்பாட்டு வேளைகளைக் குறைத்துக்கொண்ட வீடுகள் எத்தனையோ. அதே விழாவுக்குச் சென்ற இலங்கை அணியிலிருந்து மல்யுத்த வீரர் ஒருவர் உட்படச் சிலர் திரும்பி வராமல் காணாமற்போனதும் அந்த ஆண்டுதான். பதக்கத்துக்காகப் பசியிருப்பது ஒன்று, பசியிலிருந்து தப்புவதற்காகப் பதக்கத்தைத் தேடுவது இன்னொன்று. இங்கே இரண்டும் ஒன்றோடொன்று கலந்துகிடக்கின்றன.

அகில இலங்கைப் பாடசாலை விளையாட்டு விழாவில் மல்யுத்தம் இருக்கிறது. வடக்கின் பாடசாலைகளிலிருந்தும் மாணவர்களும் மாணவிகளும் அதற்குப் போகிறார்கள். உயர்தரம் முடிந்ததும் அவர்களுக்கு என்ன? பல்கலைக்கழக அனுமதியில் விளையாட்டுத் திறமைக்கென ஒரு சிறு விசேட வழி உண்டு. அதற்கு வெளியே, தேசிய மல்யுத்தத்தில் ஆதிக்கம் செலுத்துபவை முப்படைகளின் அணிகள். தெற்கில் ஒரு பிள்ளைக்கு இராணுவ அணி என்பது சம்பளத்தோடு விளையாட்டைத் தொடரும் வழி. முல்லைத்தீவில் ஒரு பிள்ளையின் வீட்டில் அந்தப் பேச்சை எடுப்பதே எவ்வளவு சிக்கலானது என்பதை நான் விளக்கத் தேவையில்லை. பாடசாலைச் சீருடையோடு சேர்த்து மல்யுத்த உடையையும் மடித்துவைத்துவிடுவதுதான் பலருக்கு எஞ்சுகிறது.

எனவே கேட்கவேண்டியவை சில உண்டு. மாகாண, தேசிய மட்டப் போட்டிகளில் எடை எப்போது பார்க்கப்படுகிறது, போட்டிக்கு எத்தனை மணித்தியாலங்களுக்கு முன்னர்? ஒரு மாணவி எவ்வளவு எடைவரை இறங்கலாம் என்பதை யார் தீர்மானிக்கிறார், ஆசிரியரா, வைத்தியரா? போட்டிக்குப் போகும் பிள்ளைக்குப் போசாக்குக் கொடுப்பனவு உண்டா, அது போட்டிக்கு முன்னர் கைக்கு வருகிறதா? இவற்றுக்கான பதில் கல்வி அமைச்சிடமும் மாகாணக் கல்வித் திணைக்களங்களிடமும் இருக்கவேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், ஒரு வெள்ளைத்தாளில் எழுதி எந்தப் பெற்றோரும் அதைக் கேட்கலாம். 14 வேலைநாட்களுக்குள், தகவலைத் தருவதா இல்லையா என்ற தீர்மானத்தையாவது அவர்கள் அறிவிக்கவேண்டும்.