ஒருநாட் பிறந்த இருவர்

திருத்தணி மலைக்கு 365 படிகள் என்பது வழக்கு. ஆண்டின் நாளொன்றுக்குப் படியொன்று எனக் கொண்டு, திசம்பர் 31ஆம் நாள் இரவில், படிக்கொரு திருப்புகழ் பாடி மக்கள் மலையேறுவர். அக்கணக்கைக் கைக்கொண்டு சனவரி முதல் எண்ணி வரின், 248ஆம் படி செப்டம்பர் 5ஆம் நாளுக்கு உரியதாகும். திருத்தணி மக்கள் சற்றே நின்று எண்ணிப் பார்க்க வேண்டிய படி அது. பெருமக்கள் இருவரின் பிறப்பு அந்த ஒரு நாளில் அமைந்துள்ளது. ஒருவரை ஊரும் உலகும் அறியும். மற்றவரை, அந்நாளில் மட்டும், ஊர் மறந்து விடுகிறது.

1888ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் திருத்தணியிற் பிறந்தவர் சருவப்பள்ளி இராதாகிருட்டிணன். தெலுங்கு பேசும் எளிய குடும்பத்திற் பிறந்து, வேலூரிலும் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் பயின்று, மைசூரிலும் கல்கத்தாவிலும் ஆக்சுபோர்டிலும் மெய்யியற் பேராசிரியராய் விளங்கியவர். 1962 முதல் 1967 வரை இந்தியக் குடியரசுத் தலைவராய் இருந்தவர். தம் பிறந்தநாளைக் கொண்டாட விரும்பியோரிடம், அதனை ஆசிரியர் நாளாகக் கொண்டால் மகிழ்வேன் என்று அவர் கூறினார் என்பர். 1962 முதல் அந்நாள் ஆசிரியர் நாளாயிற்று. மலையடிவாரத்துச் சிற்றூரிற் பிறந்த பிள்ளை இத்துணை உயர்ந்தமை திருத்தணிக்குப் பெருமையே. அதை மறுப்பார் எவரும் இலர், மறுத்தலும் தகாது.

அவர் பிறப்பதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்னரே, 1872ஆம் ஆண்டு அதே செப்டம்பர் 5ஆம் நாள், தெற்கே ஒட்டப்பிடாரத்திற் பிறந்தவர் வ.உ.சிதம்பரனார். வெள்ளையர் கப்பல் வாணிகத்தை எதிர்த்து 1906இல் சுதேசிக் கப்பற் குழுமத்தைத் தோற்றுவித்துத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டவர் அவர். 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளர்க்காக நின்றார்; அவ்வாண்டே சிறை புகுந்தார். இரட்டை வாழ்நாள் ஒறுப்பாக 40 ஆண்டு விதித்தது முறைமன்றம். மேல்முறையீட்டில் அது குறைந்தது. எனினும் கோவைச் சிறையில் மாடு இழுக்கும் செக்கை மனிதர் இழுத்த கொடுமையை அவர் உடல் அறிந்தது. 1912இன் இறுதியில் வெளிவந்தபோது கப்பலும் இல்லை, கைப்பொருளும் இல்லை, வழக்குரைஞர் உரிமமும் இல்லை.

செப்டம்பர் 5ஆம் நாட் காலையில் பள்ளிகளில் நடப்பது என்ன? மாணவர் பூங்கொத்துத் தருவர். ஆசிரியர் இனிப்பு வழங்குவர். இராதாகிருட்டிணனார் படத்துக்கு மாலை விழும். பள்ளிகள் பலவற்றில் சிதம்பரனார் பெயர் ஒரு முறையேனும் ஒலிப்பதில்லை. சிறுவன் ஒருவன், 'இன்று வேறு யார் பிறந்த நாள்?' என்று கேட்டால் விடை சொல்ல ஆசிரியர் எத்துணைப் பேர் உளர்?

இதற்குச் சொல்லப்படும் அமைதி ஒன்றுண்டு. சிதம்பரனார் உரிமைப் போராளி, ஆசிரியர் அல்லர், ஆசிரியர் நாளில் அவர்க்கு இடம் ஏது என்பர். வரலாறு அறியார் கூற்று இது. சிறைக்குள்ளிருந்தே ஆங்கிலேயர் சேம்சு ஆலனின் நூலை 'மனம்போல வாழ்வு' எனத் தமிழாக்கியவர் அவர். 'மெய்யறம்' என்னும் அறநூலை இயற்றியவர். திருக்குறள் அறத்துப்பாலுக்கு உரை வரைந்தவர். தொல்காப்பியத்துக்குக் கிடைத்துள்ள உரைகளுள் காலத்தால் முற்பட்டது இளம்பூரணர் உரை. அவ்வுரையைப் பதிப்பித்துத் தமிழ் மாணவர் கையில் தந்தோருள் சிதம்பரனாரும் ஒருவர். வறுமை வாட்டிய நாளிலும் ஏட்டுச் சுவடியைக் கைவிடாத ஒருவரை ஆசிரியர் என்னாது வேறென்னென்பது? சம்பளப் பட்டியலில் பெயர் இருப்பார் மட்டுமா ஆசிரியர்?

பிறிதோர் அமைதியும் கூறுவர். 2021இல் தமிழ்நாட்டு அரசு, அவர் மறைந்த நவம்பர் 18ஆம் நாளை ஈகத் திருநாளாக அறிவித்து விட்டதே. இன்னும் என்ன வேண்டும் என்பர். அவ்வறிவிப்பு பாராட்டுக்குரியது. ஆயினும் அது அவருடைய ஈகத்துக்குக் கிடைத்த நாள். அவருடைய தமிழ்ப்பணிக்கு உரிய நாள் எது? பெயர் சூட்டுதலை நம்பி அமைதல் கூடாது என்பதற்கும் அவர் வரலாறே சான்று. 1986இல் அவர் பெயரோடு தோன்றிய சிதம்பரனார் மாவட்டம், 1997இல் தலைவர் பெயர்கள் நீக்கப்பட்டபோது தூத்துக்குடி மாவட்டமாயிற்று. பலகையில் எழுதிய பெயரை அரசாணை ஒன்று அழித்து விடும். பிள்ளைகள் நெஞ்சில் எழுதிய பெயரை எந்த ஆணையும் அழிக்காது.

திருத்தணிக்கு இதிற் சிறப்பான கடமையொன்று உண்டு. 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் அமைந்தபோது, சித்தூர் மாவட்டத்தோடு சேர்த்துத் திருத்தணியும் தமிழர் கையினின்று நழுவியது. அதனை மீட்க வடக்கெல்லைப் போரை முன்னின்று நடத்தியவர் சிலம்புச்செல்வர் ம.பொ.சிவஞானம். அவரைத் துணைக்கொண்டு இப்பகுதியில் எல்லையுணர்வை ஊட்டியவர் மங்கலங்கிழார் என்னும் தமிழாசிரியர். படாசுகர் தீர்ப்பும் 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டமும் வழி திறக்க, 1960 ஏப்பிரல் 1ஆம் நாள் திருத்தணி தாயகம் திரும்பியது. ஏமாளிகள் நாள் என்று பிறர் நகையாடும் அந்நாள் திருத்தணிக்கு வெற்றி நாள்.

திருத்தணியை மீட்ட அதே ம.பொ.சி.தான், மறதிக்குள் ஆழ்ந்து கிடந்த சிதம்பரனார் புகழையும் மீட்டவர். 'கப்பலோட்டிய தமிழன்' என்னும் நூலால் அவர் நாட்டிய பெயரே, 1961இல் திரைப்படமாகிப் பட்டிதொட்டியெங்கும் பரவிற்று. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு, அச்சகத்தில் எழுத்துக் கோத்துப் பிழைத்த அவர் செய்த பணி இது. எல்லையைப் பெற்றுக்கொண்ட ஊர், அவர் ஏந்திக் காட்டிய பெயரை மட்டும் ஏற்காது விடுதல் நன்றியாகுமா?

இராதாகிருட்டிணனாரைக் குறைத்துச் சிதம்பரனாரைக் கூட்ட வேண்டும் என்பது கருத்தன்று. தம் பிறந்தநாளைத் தமக்கென வைத்துக்கொள்ளாது ஆசிரியர்க்கு ஈந்தவர் அவர். ஈந்த பொருள் பெற்றவர்க்கு உரியது. அதனைப் பகிர்ந்துகொள்ளும் உரிமையும் ஆசிரியர்க்கே உண்டு. அதற்கு அரசாணை வேண்டா; பணம் வேண்டா. ஒரு படத்தின் பக்கத்தில் மற்றொரு படம் வைத்தால் போதும். ஒரு பாடவேளையில் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்களின் கதையைச் சொன்னால் போதும். செக்கிழுத்த கையே தொல்காப்பிய உரையையும் பதிப்பித்தது என்று ஒரு மாணவி மேடையேறிச் சொன்னால் போதும்.

திருத்தணிப் பள்ளிகளின் ஆசிரியப் பெருமக்களே! இதனை முதலிற் செய்யும் தகுதி உங்கள் ஊருக்கே உண்டு. ஒருவரைப் பெற்ற ஊரே மற்றவரையும் போற்றினால், பிற ஊர்கள் தாமே பின்தொடரும். வரும் செப்டம்பர் 5ஆம் நாள் அந்த 248ஆம் படியில் ஏற்றப்படும் விளக்குகள் இரண்டாகட்டும்!