கோடைக்கு ஒரு குளிர்ந்த சூப்: எல்லாருக்கும் ஒரே கிண்ணமா?

சென்ற கோடையில் எங்கள் சிறுநீரகப் பிரிவில் முதியவர் ஒருவர் அனுமதிக்கப்பட்டார். கால்கள் தளர்ந்து நடக்க முடியவில்லை என்பதே அவர் கூறிய குறை. இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 6.4 ஆக இருந்தது. அது பொதுவாக 3.5 முதல் 5 வரை இருத்தல் வேண்டும். அந்த அளவு மேலும் உயர்ந்திருந்தால் இதயத்தின் துடிப்பே தடுமாறியிருக்கும். உரிய நேரத்தில் வந்ததால் இரண்டு நாள்களில் நிலைமை சீரடைந்தது.

காரணத்தைத் தேடியபோது ஒரு செய்தி தெரியவந்தது. ஸ்பெயின் நாட்டின் செவீயா நகரில் பணிபுரியும் அவருடைய மகள் விடுமுறைக்கு வந்திருந்தார். வெயிலால் சோர்ந்திருந்த தந்தைக்கு, அங்கே தாம் கற்றுக்கொண்ட குளிர்ந்த தக்காளி சூப்பை நாள்தோறும் இரு வேளை பெரிய கிண்ணத்தில் கொடுத்து வந்திருக்கிறார். "டாக்டர், பச்சைக் காய்கறிதானே கொடுத்தேன்? அங்கே எல்லா வீட்டிலும் வயதானவர்களுக்கு இதைத்தானே கொடுக்கிறார்கள்?" என்று அவர் கண்கலங்கினார்.

அந்தக் கேள்விக்கு நேர்மையான விடை வேண்டும். அந்தச் சூப்பில் குறையில்லை. மகளின் அன்பிலும் குறையில்லை. எங்களிடம்தான் ஒரு குறை இருந்தது. தவிர்க்க வேண்டிய உணவுகளின் பட்டியல் ஒன்றை அச்சிட்டு அந்தக் குடும்பத்தின் கையில் கொடுத்திருந்தோம். கோடையில் வீட்டில் என்ன உண்கிறீர்கள், என்ன அருந்துகிறீர்கள் என்று ஒருமுறையும் கேட்டதில்லை. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அதுவே.

வெயில் நாட்டின் உணவு

அந்தச் சூப்பின் பெயர் காஸ்பாச்சோ. ஸ்பெயினின் தென்பகுதியான அந்தலூசியா அதன் தாயகம். குவாதல்கிவிர் ஆற்றின் சமவெளியில் உள்ள செவீயா, கோர்தோபா போன்ற நகரங்களில் கோடையில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைக் கடப்பது வழக்கம். கோர்தோபா மாகாணத்தின் லா ரம்ப்லா என்னும் ஊரில் 2021 ஆகஸ்டில் 47 டிகிரிக்கும் மேல் பதிவானது. புயல்களுக்குப் பெயரிடுவது போல வெப்ப அலைகளுக்கும் பெயரிடும் திட்டத்தைச் செவீயா நகரம் தொடங்கி, 2022 ஜூலையில் வந்த வெப்ப அலைக்குச் ‘சோயி’ என்று பெயர் சூட்டியது. வெயில் அங்கே உயிர் பறிக்கும் ஆபத்தாகக் கருதப்படுகிறது.

அத்தகைய நிலத்தில், வயல்களிலும் ஆலிவ் தோப்புகளிலும் உழைத்தவர்களின் உணவாகக் காஸ்பாச்சோ தோன்றியது. தொடக்கத்தில் அதில் தக்காளி கிடையாது. தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வந்தவை. காய்ந்த ரொட்டி, பூண்டு, உப்பு, ஆலிவ் எண்ணெய், வினிகர், தண்ணீர் ஆகியவற்றை மரக்கிண்ணத்தில் இடித்துக் கலந்ததே பழைய காஸ்பாச்சோ. ஹுவான் தே லா மாத்தா என்பவர் 1747இல் வெளியிட்ட நூலில் உள்ள செய்முறையிலும் தக்காளி இல்லை. இன்று உலகம் அறிந்த சிவந்த சூப் அதற்குப் பின்னரே பரவியது.

வியர்வையில் நாம் இழப்பவை தண்ணீரும் உப்பும். உழைப்பாளியின் கிண்ணத்தில் அவ்விரண்டும் இருந்தன. வலிமை தர ரொட்டியும் எண்ணெயும் இருந்தன. களைத்த நாவுக்குப் புளிப்பும் இருந்தது. அடுப்பும் தேவைப்படவில்லை. வெயிலை நன்கறிந்தவர்கள் ஆக்கிய உணவு அது.

செய்யும் முறை

நலமாக உள்ளவர்கள் இதனைத் தயங்காமல் செய்து பார்க்கலாம். 250 மில்லி கிண்ணத்தில் ஐந்து பேருக்கான அளவைக் கீழே தருகிறோம்.

நன்கு பழுத்த தக்காளி 1 கிலோ, பச்சைக் குடைமிளகாய் 100 கிராம், தோல் சீவிய வெள்ளரிக்காய் 150 கிராம், பூண்டு ஒரு பல், முந்தைய நாள் வெள்ளை ரொட்டி 60 கிராம், ஆலிவ் எண்ணெய் 4 மேசைக்கரண்டி, வினிகர் 2 மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, குளிர்ந்த குடிநீர் 200 மில்லி ஆகியவை தேவை. அந்தலூசியாவில் ஹெரெஸ் நகரப் பகுதியின் வினிகரைச் சேர்ப்பார்கள். அது கிடைக்காவிட்டால் திராட்சை வினிகரோ ஆப்பிள் வினிகரோ போதும்.

ரொட்டியைத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவையுங்கள். காய்களை ஓடும் நீரில் நன்கு கழுவி நறுக்குங்கள். ரொட்டி, காய்கள், பூண்டு, உப்பு, வினிகர் ஆகியவற்றை மிக்சியில் மைய அரையுங்கள். மிக்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்றினால் அது பிரியாமல் கலந்து, சூப் வழவழப்பாகும். பின்பு வடிகட்டி, மூடிய பாத்திரத்தில் குறைந்தது இரண்டு மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பரிமாறும்போது பொடியாக நறுக்கிய வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் மேலே தூவலாம்.

சமைக்காத உணவு என்பதால் தூய்மையே இதற்கு முதல் விதி. பயன்படுத்தும் தண்ணீர் கொதித்து ஆறியதாகவோ சுத்திகரிக்கப்பட்டதாகவோ இருக்கட்டும். செய்த நாளிலேயே அருந்துவது நன்று. எஞ்சியதை மறுநாளுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். வெயில் நேரத்தில் மேசைமேல் வெகுநேரம் விட்டுவைத்ததை இரக்கமின்றிக் கொட்டிவிடுங்கள்.

பாராட்டும் எல்லையும்

ஸ்பெயினின் புகழ்பெற்ற மருத்துவர் கிரெகோரியோ மாரன்யோன் இந்தச் சூப்பைப் பாராட்டி எழுதியவர். இதய நோய் ஆபத்து மிகுந்த ஸ்பானியர்களை ஆராய்ந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வும், காஸ்பாச்சோ அருந்துவோரிடம் இரத்த அழுத்தம் சற்றுக் குறைவாக இருந்ததாகக் காட்டியது. எனினும் இரண்டு செய்திகள் சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று முடிவுகட்ட இயலாது. இந்தச் சூப்பை நல்ல உணவு என்போம். மருந்து என்று சொல்ல மாட்டோம்.

"இது உடலுக்கு நல்லதா?" என்ற கேள்வியை நாள்தோறும் செவிமடுக்கிறோம். அக்கேள்வி பாதிக் கேள்வியே என்பது எங்கள் கருத்து. "யாருடைய உடலுக்கு, எவ்வளவு?" என்பதையும் சேர்த்தால்தான் அது முழுமை பெறும்.

100 கிராம் தக்காளியில் ஏறத்தாழ 95 கிராம் தண்ணீரே. அதனுடன் சுமார் 240 மில்லிகிராம் பொட்டாசியமும் உண்டு. மேற்சொன்ன அளவில் செய்தால் ஒரு கிண்ணத்தில் சுமார் 550 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கும். நல்ல சிறுநீரகம் மிகுதியை எளிதில் வெளியேற்றிவிடும். நலிந்த சிறுநீரகத்தால் அது இயலாது. பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்த வேண்டியவர்கள் பலருக்கு நாள் முழுவதற்குமே 2,000 முதல் 3,000 மில்லிகிராம் வரைதான் அறிவுறுத்தப்படுகிறது. இரண்டு பெரிய கிண்ணங்கள் அதில் பாதியளவை எடுத்துக்கொண்டுவிடும். வடிகட்டுவதாலும் பயனில்லை, பொட்டாசியம் சாற்றிலேயே கரைந்திருக்கிறது.

எங்கள் நோயாளி இரத்த அழுத்தத்திற்காக டெல்மிசார்டன் மாத்திரையும் உட்கொண்டு வந்தார். டெல்மிசார்டன், லோசார்டன், ராமிப்ரில், எனலாப்ரில், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மருந்துகள் பொட்டாசியத்தை உயர்த்தக்கூடியவை. அவை தேவையான மருந்துகள். இதைப் படித்துவிட்டு எவரும் தாமாக அவற்றை நிறுத்திவிடக் கூடாது. சோடியம் குறைந்த உப்பு என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சிறுநீரக நோயாளிகள் அதைத் தவிர்ப்பது இன்றியமையாதது.

வேறு சிலருக்கும் கவனம் வேண்டும். இதயச் செயலிழப்பு உள்ளவர்களும் டயாலிசிஸ் பெறுபவர்களும் அருந்தும் சூப்பைத் தண்ணீர்க் கணக்கிலேயே சேர்க்க வேண்டும். 250 மில்லி சூப் என்பது ஏறக்குறைய 250 மில்லி நீரே. புற்றுநோய்க்கு மருந்தேற்றப்பட்டு வெள்ளணுக்கள் குறைந்திருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பச்சையாக அரைத்ததை அருந்த வேண்டாம். பக்கவாதத்திற்குப் பின் விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கு நீர்த்த சூப் மூச்சுக்குழலுக்குள் போய்விடக்கூடும். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்குப் புளிப்பு ஒத்துவராது. கோதுமையின் குளூட்டன் ஒவ்வாதவர்கள் ரொட்டியை நீக்க வேண்டும்.

மேலும் ஒன்று: வயிற்றுப்போக்கால் நீரிழந்தவருக்கு இது ஓ.ஆர்.எஸ். கரைசலுக்கு மாற்றாகாது. வெயிலில் இருந்தவர் பேச்சுத் தடுமாறினாலோ மயங்கினாலோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நிழலில் கிடத்தி, உடலை நனைத்துக் காற்று வீசி, உடனே 108ஐ அழையுங்கள்.

பட்டியலுக்கு அப்பால்

இத்தனை எச்சரிக்கைகளையும் படித்தபின், "அப்படியானால் வேண்டவே வேண்டாம்" என்று ஒதுக்கிவிடத் தோன்றலாம். அதைத்தான் நாங்கள் விரும்பவில்லை. ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போனால், வீட்டார் கூடி உண்ணும் மேசையிலிருந்து நோயாளியே விலக்கப்பட்டுவிடுகிறார். தனித் தட்டில் சுவையற்ற உணவை உண்பவர் நாளடைவில் உண்பதையே குறைத்துக்கொள்கிறார். கோடையில் அது மற்றோர் ஆபத்து. முதுமையில் தாக உணர்வு மங்கும். உண்பதும் அருந்துவதும் குறைந்தால், நலிந்த சிறுநீரகம் மேலும் நலியும்.

முதியவர் வீடு திரும்பும் நாளில் அவருடைய மகளுடனும் உணவியல் நிபுணருடனும் அமர்ந்து பேசினோம். விடை பழைய காஸ்பாச்சோவிலேயே கிடைத்தது. ஓரம் நீக்கிய வெள்ளை ரொட்டி 60 கிராம், தோல் சீவிய வெள்ளரிக்காய் 50 கிராம், அரைப் பல் பூண்டு, ஒரு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், ஒரு தேக்கரண்டி வினிகர், குளிர்ந்த நீர் 150 மில்லி. இவற்றை அரைத்துக் குளிரவைத்தால் ஒரு கிண்ணம் வெண்ணிறச் சூப் கிடைக்கும். பொட்டாசியம் சுமார் 150 மில்லிகிராம்தான். ரொட்டியிலேயே உப்பு இருப்பதால் தனியே உப்பு சேர்க்கத் தேவையில்லை. நாளுக்கு ஒரு கிண்ணம். அதுவும் அவருடைய நீர்க் கணக்குக்குள். இது அவருடைய பரிசோதனை முடிவுகளைப் பார்த்து வகுத்த அளவு. மற்ற சிறுநீரக நோயாளிகள் தங்கள் மருத்துவரைக் கேட்ட பின்னரே பின்பற்ற வேண்டும்.

ஒரு வாரம் கழித்து வந்தபோது அவருடைய பொட்டாசியம் 4.8 ஆக இருந்தது. வீட்டில் மற்றவர்கள் சிவந்த சூப்பையும் தாம் வெண்மையானதையும் ஒரே நேரத்தில் அருந்துவதாக அவர் சொன்னார். பேரன் தம்முடையதையும் கேட்டு வாங்கிக் குடிப்பதாகச் சிரித்துக்கொண்டே சேர்த்துச் சொன்னார்.

எங்கள் பட்டியலை நாங்கள் கைவிடவில்லை; ஆனால் அதைக் கையில் கொடுப்பதற்கு முன் இப்போது ஒரு கேள்வி கேட்கிறோம். நீங்களும் எங்களுக்கு உதவலாம். அடுத்த முறை வரும்போது மருந்துச் சீட்டுடன் ஒரு தாளும் கொண்டுவாருங்கள். இந்தக் கோடையில் உங்கள் வீட்டில் அருந்துபவை எவை, நாளுக்கு எத்தனை முறை, எந்த அளவுக் கிண்ணத்தில் என்று அதில் எழுதியிருங்கள். எதை நிறுத்துவது என்பதோடு, எதை எப்படி மாற்றி அருந்தலாம் என்பதையும் சேர்ந்தே பேசுவோம்.