தொண்டைக்கு வயிற்று மாத்திரை

சான்பாடாவில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு நேரம் காலம் கிடையாது. சி.எஸ்.எம்.டி.யில் ஹார்பர் லைன் ரயிலைப் பிடித்து, சுமார் ஒரு மணி நேரம் நின்றபடி வந்து, பத்தரைக்குச் சாப்பிட்டுப் பதினொன்றுக்குப் படுப்பவர்கள் ஏராளம். காலையில் தொண்டை கமறுகிறது. செருமினால் சளி வருவதில்லை; ஏதோ உருண்டை அடைத்திருப்பது போலிருக்கிறது. பக்கத்து துர்பே மசாலா மார்க்கெட்டின் மிளகாய் நெடிதான் காரணம் என்பார்கள் வீட்டில். காது மூக்கு தொண்டை டாக்டரோ வயிற்று அமிலம் மேலே ஏறுகிறது என்று சொல்லி, பான்டோபிரசோல் எழுதித் தருகிறார். மாதங்கள் போகின்றன. மாத்திரை நிற்பதில்லை, கமறலும்தான்.

டாக்டரின் யோசனை ஆதாரமற்றதல்ல. வயிற்று அமிலமும் பெப்சின் என்ற செரிமானப் பொருளும் குரல்வளை வரை எட்டிப்பார்க்கலாம், நெஞ்செரிச்சல் இல்லாதவர்களுக்குக்கூட இது நடக்கலாம் என்று அமெரிக்க டாக்டர் ஜேமி கூஃப்மன் 1991ல் விரிவாக எழுதினார். உணவுக்குழாய் தாங்கும் அமிலத்தைக் குரல்வளையின் மெல்லிய சவ்வு தாங்காது. அதற்கு 3 வருடம் முன்புதான் அமிலச் சுரப்பை அடக்கும் ஒமெப்ரசோல் விற்பனைக்கு வந்திருந்தது. சாவி தயாராக இருந்தது, பூட்டும் கிடைத்துவிட்டது.

சாவி பொருந்துகிறதா என்று பெரிய அளவில் பார்க்கத்தான் ரொம்ப காலம் பிடித்தது. 2021ல் பிரிட்டனில் ஒரு சோதனையின் முடிவு வெளியானது. நாள்பட்ட தொண்டைத் தொந்தரவு உள்ள 346 பேரில் பாதிப் பேருக்கு லான்சோபிரசோல் 30 மில்லிகிராம், தினம் 2 வேளை, 16 வாரம். மீதிப் பேருக்கு அதே மாதிரியான வெற்று மாத்திரை. தொந்தரவை அளக்கும் மதிப்பெண் இரு தரப்பிலும் ஆரம்பத்தில் சுமார் 22. முடிவில் மருந்து சாப்பிட்டவர்களுக்கு 17.4, வெற்று மாத்திரைக்காரர்களுக்கு 15.6. இரு தரப்புக்குமே குறைந்தது, ஆனால் குறைத்தது மருந்து அல்ல.

காரணம் புரியாததல்ல. மாத்திரை அமிலத்தைக் குறைக்கும்; மேலேறுவதைத் தடுக்காது. பெப்சின் வழக்கம்போல வந்து போகும். தவிர, இந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு விழுங்கினால்தான் முழுப் பலன். நம்மவர்கள் பலர் பிரியாணிக்குப் பிறகு போடுகிறார்கள்.

நெஞ்செரிச்சலும் சேர்ந்து இருப்பவர்களுக்கு இது நல்ல மருந்துதான், அதில் சந்தேகமில்லை. சும்மா போட்டு வைப்பதில்தான் சிக்கல். டென்மார்க்கில் எந்த உபாதையும் இல்லாதவர்களுக்கு இதே வகை மருந்தை 8 வாரம் கொடுத்து நிறுத்திப் பார்த்தார்கள். பிறகு அவர்களில் 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிச்சல் போன்ற தொந்தரவுகள் வந்தன; வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 15 சதவீதம்தான். 2009ல் வெளியான ஆய்வு இது. நிறுத்தியதும் எரிகிறதே என்று மறுபடி மெடிக்கல் ஷாப்புக்கு நடப்பவர்கள், நோயைத்தான் துரத்துகிறோம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

செலவில்லாத வைத்தியம் உண்டு. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் 3 மணி நேர இடைவெளி. முடியாதவர்கள் ஆபீஸிலேயே ஏழு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு, வீட்டில் ஒரு டம்ளர் மோரோடு நிறுத்தலாம். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கடியில் செங்கல் வைத்து உயர்த்தலாம். செருமத் தோன்றும்போது ஒரு மிடறு தண்ணீர். செருமலே தொண்டையைப் புண்ணாக்கும்.

கமறலைவிடக் கவலைக்குரியது குரல் கம்முவது. மகாராஷ்டிரத்தில் 2012ல் குட்காவைத் தடை செய்த பிறகும் புகையிலை போய்விடவில்லை. பீடி, சிகரெட்டும் இருக்கின்றன. குரல் நாணில் வரும் புற்றுநோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் வெறும் கரகரப்புதான். ஆரம்பத்திலேயே கண்டால் பத்தில் ஒன்பது பேர் வரை குணமாகிறார்கள், குரலும் மிஞ்சுகிறது. 'ஆசிட்தான்' என்று ஆறு மாதம் மாத்திரை விழுங்குகிறவர் இழப்பது அந்த ஆரம்பத்தை. குரல்வளையைப் பார்க்காமல், கரகரப்பு ஒன்றுக்காக மட்டும் அமில மாத்திரை எழுதக் கூடாது என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை டாக்டர்களின் 2018 வழிகாட்டுதல் சொல்கிறது. நான்கு வாரத்தில் குரல் தெளியாவிட்டால் உள்ளே பார்த்தே ஆக வேண்டும். புகைப்பவர்கள் அதுவரைகூடக் காத்திருக்கத் தேவையில்லை. மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுப் பார்ப்பது சில நிமிட வேலை. மயக்க மருந்து வேண்டாம், மரத்துப்போக ஸ்ப்ரே போதும். சான்பாடாவில் ஏறி குர்லாவில் மாறினால் அடுத்த ஸ்டேஷன் சயான். அங்கே லோக்மான்ய திலக் மாநகராட்சி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது.