ஏர் இந்தியா கடன்: விமானத்தில் ஏறாதவங்களும் ஏன் கட்டினோம்? 1932 முதல் இன்று வரை

நொச்சிக்குப்பம் லூப் ரோட்டில் மீன் வாங்கிக்கொண்டு நிற்கும்போது, தலைக்கு மேல் ஒரு விமானம் போகும். மீன் விற்கும் அக்கா நிமிர்ந்துகூட பார்க்க மாட்டார். 'அதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?' என்று தோன்றலாம். சம்பந்தம் இருக்கு. ஏர் இந்தியா விற்கப்பட்டபோது மிஞ்சிய கடனை அடைத்தது அரசு. அரசுப் பணம் என்றால், சோப்புக்கும் செல்போன் ரீசார்ஜுக்கும் வரி கட்டும் எல்லாருடைய பணமும்தான்.

சென்னையில் முடிந்த முதல் பயணம்

1932 அக்டோபர் 15. கராச்சியில் இருந்து தபால் மூட்டையுடன் சின்ன விமானம் ஒன்றை ஓட்டிக்கொண்டு பம்பாய் வந்தார் ஜே.ஆர்.டி. டாடா. அங்கிருந்து பெல்லாரி வழியாக சென்னைக்கு தபாலைக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். டாடாவின் விமானப் பயணம் இப்படித்தான் தொடங்கியது.

1946இல் நிறுவனத்தின் பெயர் ஏர் இந்தியா ஆனது. 1948 ஜூனில் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் பறந்தது.

அரசு கைக்குப் போனது எப்படி?

1953இல் விமான நிறுவனங்கள் தேசியமயமாயின. வெளிநாட்டுக்கு ஏர் இந்தியா, உள்நாட்டுக்கு இந்தியன் ஏர்லைன்ஸ். அதன் பிறகும் ஜே.ஆர்.டி.தான் தலைவர். 1978இல் மொரார்ஜி தேசாய் அரசு அவரை நீக்கியது.

அரசு நிறுவனமாக இருந்ததால் பலனே இல்லையா? அப்படிச் சொல்ல முடியாது. 1990இல் ஈராக் குவைத்தைப் பிடித்தபோது, அங்கே சிக்கிய ஒரு லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் அம்மான் வழியாக ஊர் திரும்பினார்கள். அதில் பெரும்பங்கு ஏர் இந்தியாவுடையது. லாபக் கணக்கு பார்த்துச் செய்கிற வேலை இல்லை அது.

எங்கே சறுக்கியது?

தனியார் விமானங்கள் போட்டிக்கு வந்துவிட்ட நேரம். 2005-06இல் இரண்டு நிறுவனங்களுக்கும் சேர்த்து 111 விமானங்கள் வாங்க முடிவானது. பெரும்பகுதி கடன். அடுத்து 2007இல் இரண்டையும் இணைத்தார்கள். சம்பள விகிதம் வேற, விமான வகை வேற, வேலை முறை வேற. செலவு குறையும் என்று சொன்னார்கள், நஷ்டம்தான் கூடியது.

2009-10 முதல் விற்பனை வரை அரசு தந்த ஆதரவு சுமார் 1.10 லட்சம் கோடி ரூபாய். பாதி ரொக்கம், பாதி கடனுக்கான உத்தரவாதம். 2018இல் 76 சதவீதப் பங்கை விற்கப் பார்த்தார்கள். கேட்க ஒருத்தர்கூட வரவில்லை.

18,000 கோடி: உண்மையில் கைக்கு வந்தது எவ்வளவு?

2021 அக்டோபரில் டாடா 18,000 கோடிக்கு ஏலம் எடுத்தது. ஆனால் அவ்வளவும் அரசு கஜானாவுக்கு வரவில்லை.

* மொத்தக் கடன் (2021 ஆகஸ்ட் இறுதி): 61,562 கோடி
* டாடா ஏற்ற கடன்: 15,300 கோடி
* அரசுக்கு வந்த ரொக்கம்: 2,700 கோடி
* அரசு தலையில் நின்ற கடன்: 46,262 கோடி

நிலம், கட்டிடம் என சுமார் 14,718 கோடி மதிப்புள்ள சொத்துகள் அரசிடமே நின்றன. அதையும் ரொக்கத்தையும் கழித்தாலும் 28,844 கோடி இடிக்கிறது. பழைய பாக்கிகளை முடிக்க 2021-22 திருத்திய மதிப்பீட்டில் 51,971 கோடி ஒதுக்கினார்கள்.

அப்போ விற்றது தப்பா?

விற்காமல் இருந்தால் ஒரு நாளைக்கு சுமார் 20 கோடி நஷ்டம் என்பது அரசின் பதில். அதிலும் நியாயம் உண்டு. கேள்வி விற்பனையைப் பற்றி அல்ல, அதற்கு முந்தைய 15 வருஷத்தைப் பற்றி. விமானம் வாங்கியதும் இணைத்ததும் மேலே இருந்தவர்கள் எடுத்த முடிவு. பில் வந்தது கீழே.

2022 ஜனவரி 27இல் நிறுவனம் டாடா கைக்குப் போனது. 470 புது விமானங்களுக்கு ஆர்டர், 2024இல் விஸ்தாரா இணைப்பு என வேகம் பிடித்தது. 2025 ஜூன் 12 அகமதாபாத் விபத்தில் 260 உயிர்கள் போயின. முதலாளி மாறினாலும் பாதுகாப்பைக் கண்காணிக்கும் பொறுப்பு அரசிடமிருந்து போகவில்லை.

அடுத்த முறை ஒரு பொதுத்துறை நிறுவனம் விற்பனைக்கு வரும்போது, எவ்வளவுக்குப் போச்சு என்று மட்டும் பார்க்காதீங்க. மிச்சக் கடன் யார் கணக்கில் ஏறுது என்றும் பாருங்க.