ஆயிரம் ரூபாய்க்குப் பிறகும் வேலை ஏன்?

"கல்லூரியில் சேர்ந்தபின் வேலை எதற்கு? அரசுதான் மாதம் ஆயிரம் தருகிறதே" என்கிறார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுவிட்டுப் பேசியிருக்கலாம். 2022இல் வந்த புதுமைப்பெண், 2024இல் வந்த தமிழ்ப்புதல்வன் இரண்டும் நல்ல திட்டங்களே. ஆனால் ஆயிரத்தை முப்பதால் வகுத்தால் நாளுக்கு 33 ரூபாய். பண்ருட்டிப் பக்கமிருந்து தேவனாம்பட்டினம் பெரியார் கலைக் கல்லூரிக்கு வரும் பையனுக்கு அது மதியச் சாப்பாட்டுக்கே சரியாகிவிடும். வீட்டுக்கு எதைக் கொடுப்பான்?

"அப்படியானால் தொலைதூரக் கல்வியில் சேரட்டும்" என்பது அடுத்த வாதம். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979 முதல் அதை நடத்துகிறது. வேலையில் இருந்தபடியே பட்டம் வாங்கியவர்கள் ஏராளம். ஆனால் வேதியியல் ஆய்வகம் தபாலில் வராது. ஏழைப் பிள்ளைக்கு வகுப்பறையே வேண்டாம் என்று சொல்ல நாம் யார்?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: இரவு வேலை படிப்பைத் தின்றுவிடும். 75 சதவீத வருகை என்றால், 90 நாள் பருவத்தில் 22 நாள்தான் விடுப்பு. கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறப் போகிறவன் முகூர்த்த நாட்களிலேயே அதைக் கரைத்துவிடுவான். அவனைத் திட்டுவது சுலபம். ஆனால் கல்லூரி கால அட்டவணையைப் பருவம் தொடங்கும் முன்பே கையில் கொடுத்து, நடுவில் மாற்றாமல் இருந்தால், "அண்ணே, நாலு மணிக்கு மேல்தான் வருவேன்" என்று கடைக்காரரிடம் அவனே பேசிக்கொள்வான். நூலகம் இரவு எட்டு வரை திறந்திருந்தால் இன்னும் நல்லது. இதற்கெல்லாம் புதிய திட்டமோ பெயர்ப்பலகையோ தேவையில்லை.