பெரியம்மையின் ரெண்டு ஸ்டென்ட்

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுற ஆளு. இதை வச்சு யாரும் வைத்தியம் பாத்துக்காதீங்க.

அஞ்சுகிராமத்துல "ஸ்டென்ட் வச்சிருக்கு"ன்னு சொன்னா அடுத்த கேள்வி "எப்ப அட்டாக் வந்துச்சு?"ங்கிறதுதான். எங்க பெரியம்மைக்கு இதயத்துல ஒரு குறையும் இல்லை. அவங்களுக்கு இருக்கிறது ரெண்டு ஸ்டென்ட். ஒண்ணு சிறுநீரகத்துல இருந்து மூத்திரப்பைக்குப் போற குழாய்ல, பிளாஸ்டிக். இன்னொண்ணு காலுக்கு ரத்தம் கொண்டு போற தமனில, உறை போட்ட கம்பி வலை.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ரேடியேஷன் எடுத்தது பல வருஷம் முன்னாடி. நோய் போயிடுச்சு, ஆனா குழாய் சுருங்கிடுச்சு. அதுக்குத்தான் அந்த பிளாஸ்டிக் ஸ்டென்ட், சில மாசத்துக்கு ஒருக்கா மாத்தணும். இந்தக் குழாய் இடுப்புக்கிட்ட இலியாக் தமனியைத் தாண்டித்தான் கீழ இறங்குது. ரேடியேஷன்ல நைஞ்ச திசு, அடியில நாள் பூரா துடிக்கிற தமனி, நடுவுல கெட்டியான ட்யூப். உரசி உரசி ரெண்டுக்கும் நடுவுல ஓட்டை விழுந்து, மூத்திரம் ரத்தமா கொட்டுச்சு. அபூர்வம்தான், ஆனா புதுசு இல்லை. 1908லயே நியூயார்க்ல மாஸ்கோவிட்ஸ்ங்கிற டாக்டர் எழுதியிருக்கார். அப்போ தமனியையே கட்டிப்போட்டாங்க. இப்போ தொடை இடுக்கு வழியா ஒரு ஸ்டென்டை அனுப்பி ஓட்டையை மூடிடுறாங்க.

ரத்தம் நின்னுச்சு, டிஸ்சார்ஜ். எங்க தொழில்ல இதுக்குப் பேரு ஹாட்ஃபிக்ஸ். போட்டவன் அன்னிக்கு ராத்திரி நிம்மதியா தூங்க மாட்டான். ஏன்னா அந்த உறை உக்காந்திருக்கிறது கிருமி சகஜமா இருக்கிற மூத்திரத்துக்குப் பக்கத்துல. மாசங்கள், ஏன் வருஷங்கள் கழிச்சும் சீழ் பிடிக்கலாம், உள்ளே ரத்தம் உறைஞ்சு அடைக்கலாம், திரும்பக் கசியலாம்.

எட்டாவது மாசம் நடந்தா வலது கெண்டைக்கால் வலின்னாங்க. காட்டின இடத்துல வாதம்னு வலி மாத்திரை. பத்து நாள்ல பாதம் ஜில்லுன்னு ஆகவும் அண்ணன் நாகர்கோவிலுக்குத் தூக்கிட்டு ஓடினான். ஸ்டென்ட் அடைச்சிருந்தது. கால் பிழைச்சது.

வாதம்னு சொன்னவரை நான் குத்தம் சொல்லலை. அவர் கையில இருந்த டிஸ்சார்ஜ் தாள்ல "ஸ்டென்ட் வைக்கப்பட்டது, ரெண்டு வாரத்தில் வரவும்", அவ்வளவுதான். எங்கே, எதுக்கு, என்ன அளவு, எதுவும் இல்லை. ஆயிரக்கணக்குல செலவழிச்சு உள்ள வச்ச சாமானுக்கு ஒரு வரி! மிக்ஸிக்கே வாரண்டி கார்டு தர்றான்யா. புத்துக்கு ஒரு ஊரு, மூத்திரக் குழாய்க்கு ஒரு ஊரு, தமனிக்கு ஒரு ஊரு. மூணு ஃபைலும் சந்திக்கிற ஒரே இடம் பெரியம்மையோட மஞ்சப்பை.

"எனக்க நெஞ்சு நல்லாத்தான் இருக்கு மக்கா, எல்லாரும் நெஞ்சையே பாக்கானுவ"ன்னு சிரிக்கிறாங்க.

இப்போ நானே ஒரு அட்டை அடிச்சு லாமினேட் பண்ணிக் குடுத்திருக்கேன். ரெண்டு ஸ்டென்டும் எங்கே இருக்குன்னு படம், வச்ச தேதி. காய்ச்சல், கால் குளிர்றது, நடந்தா வலி, சிவப்பு மூத்திரம் வந்தா உடனே போகணும். ரத்தம் ஒரு தடவை வந்து தானா நின்னாலும் போகணும், இது நின்னு நின்னு வர்ற ரகம், சி.டி. ஸ்கேன்லகூட தப்பிச்சிடும். பிளாஸ்டிக் ஸ்டென்ட் மாத்துறதுக்கு முன்னாடி தமனி கதையை அங்க சொல்லணும், மாத்தும்போதுதான் பல பேருக்கு ரத்தம் பீறிட்டிருக்கு. ரத்தம் உறையாம இருக்கத் தர்ற மாத்திரையை யாரையும் கேக்காம நிறுத்தக்கூடாது.

படிக்கிறவங்கள்ல டாக்டர் யாராச்சும் இருந்தா, அட்டையில வேற என்ன சேக்கணும்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. பின்பக்கம் இன்னும் காலியாத்தான் இருக்கு.